தொலைந்த பார்சல் யார் தலையில்?

ஏலத்தில் ஒரு பழைய கேமரா லென்ஸை விற்றேன். கூரியரில் அனுப்பிய நான்காம் நாள் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். "நான் அனுப்பிவிட்டேனே, கூரியரைக் கேளுங்கள்" என்று எழுதினேன், அப்புறம் அழித்தேன். கூரியருக்குக் காசு கட்டியது நான். இழப்பீடு கேட்க வேண்டியதும் நான்தான். அவர் போய்க் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளின்படி, பொருள் வாங்குபவர் கைக்குப் போகும்வரை பொதுவாகப் பொறுப்பு வியாபாரியுடையது. வீட்டில் சும்மா கிடந்ததை விற்ற நான் வியாபாரி இல்லைதான். சரி, அந்தச் சாக்கைச் சொல்ல மனசு வரவில்லை, பணத்தைத் திருப்பிவிட்டேன். காப்பீடா? அனுப்பும்போது கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னதும் நானேதான்.