மிளகு தட்டுல வாய் வெச்ச கதை

போன நவம்பர் மழையில, பெரம்பூர்ல எங்க தெரு முனையில நின்ன ஆட்டோ அடியிலேர்ந்து ஒரு கருப்புப் பூனைக்குட்டியைத் தூக்கிட்டு வந்தேன். உள்ளங்கையில அடங்கிடும், தொப்பலா நனைஞ்சு நடுங்கிட்டு இருந்துச்சு. மிளகுன்னு அன்னைக்கே பேரு வெச்சாச்சு. வயசு ஒன்றரை மாசம் இருக்கும்னு அப்புறமா டாக்டர் சொன்னாங்க. அடுத்த மூணு வாரம் இவ சாப்பிடவே மாட்டேன்னு என்னை அழ வெச்சுட்டா. அப்ப யாரைக் கேட்டாலும் "பால் வைங்க, தானா குடிச்சுக்கும்"னுதான் சொன்னாங்க, அதனாலதான் எனக்கு நடந்ததை ஒண்ணு விடாம எழுதுறேன், இதே மாதிரி ஒரு குட்டியை மடியில வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு ஆகும்.

அம்மாவும் முதல்ல பால்தான் வெச்சாங்க. ஒரு மூடியில ஊத்தி வெச்சதை நாலு நக்கு நக்குச்சு, விடியக்காலையில வயித்தால போயிடுச்சு. பசும்பால்ல இருக்கிற லாக்டோஸ் நிறைய பூனைக்குச் செரிக்காதுன்னு எனக்கு அப்பத் தெரியாது. அப்புறம் தயிர் சாதம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொண்டு வந்த பால்ல நனைச்ச பிஸ்கட், எதையும் திரும்பிக்கூட பாக்கல. பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதாம், அதுக்கான ஜீன் பூனைக்கு வேலை செய்யாதுன்னு 2005ல கண்டுபிடிச்சிருக்காங்க. பிஸ்கட்டைப் பாத்து அது ஏன் மூஞ்சைத் திருப்புச்சுன்னு இப்பப் புரியுது.

அடுத்து பெட் ஷாப்ல லூஸ்ல அரை கிலோ குட்டிப் பூனைக்கான உலர் உணவு வாங்கிட்டு வந்தேன். மோந்து பாக்கும், அப்புறம் முன்னங்காலால தட்டைச் சுத்தித் தரையைப் பிராண்டும், மண்ணைத் தள்ளி மூடுற மாதிரி. அதைப் பாத்தாலே வயிறு கலங்கும் எனக்கு. மறுநாள் பாக்கெட்ல வர்ற ஈர உணவு, அதுல கிரேவியை மட்டும் நக்கிட்டு துண்டெல்லாம் அப்படியே கிடக்கும். சரி ஃப்ளேவர் பிடிக்கலன்னு இன்னொண்ணு, அதுவும் வேணாம்னா இன்னொண்ணு, மூணாவது நாள் சமையக்கட்டுல வரிசையா நாலு கிண்ணம், எறும்பு வேற. "ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்னு சொல்லுவாங்க, நீ நாலு கிண்ணம் வெச்சா அது எப்படிடி ஒண்ணைத் திங்கும்"னாங்க அம்மா. அதுல பாதி உண்மை இருந்துச்சு, ஆனா அந்தப் பாதி அப்ப எங்க பிரச்சனையே இல்ல.

நல்ல வேளையா கேக் பண்ண வாங்குன எடை மிஷின் வீட்டுல இருந்துச்சு. அது மேல ஒரு டிபன் டப்பாவை வெச்சு எடையை ஜீரோ பண்ணிட்டு, குட்டியை உள்ள உக்கார வெச்சு தினம் காலையில எழுதி வெச்சேன். முதல் நாள் 490 கிராம். மூணாவது நாள் 475. அஞ்சாவது நாள் 460. இந்த வயசுல ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு கிராம் ஏறணும், இவளுக்கு இறங்கிட்டே போகுது. கிண்ணத்துல எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாத்துட்டு இருந்தவரைக்கும் "கொஞ்சம் தின்னிருக்கு போல"ன்னு என்னை நானே தேத்திட்டு இருந்தேன், அந்த 460ஐப் பாத்ததும் கை கால் ஓடல. அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடினேன்.

டாக்டர் கிண்ணத்தைப் பத்தி, ஃப்ளேவரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. குட்டியோட மூக்கைக் காதுகிட்ட வெச்சுக் கேட்டாங்க, வாயைத் திறந்து நாக்குல புண்ணு இருக்கான்னு பாத்தாங்க, கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க. "ஏம்மா, இது அடம் பிடிக்கல. இதுக்குச் சளி, மூக்கு அடைச்சுக் கிடக்கு. வாசனை தெரியலன்னா பூனை வாயைத் திறக்காது"ன்னாங்க. அஞ்சு நாளா நான் அதை "ரொம்ப சாய்ஸ் பாக்குது"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன், அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. இன்னொண்ணும் சொன்னாங்க, பெரிய பூனையே ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா ஈரலுக்கு ஆபத்து, இத்தனூண்டு குட்டி ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே சுகர் இறங்கிடும், இனிமே காத்திருக்காதன்னு. எடைக்குக் கணக்குப் போட்டு ஒரு சிரப்பு, மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு. வயித்துப் பூச்சிக்கான மருந்து உடம்பு தேறினப்புறம்னாங்க.

அன்னிக்கு ராத்திரி நடந்தது அப்படியே கண்ணுல நிக்குது. பாத்ரூம் கதவைச் சாத்தி, மூடி போட்ட வாளியில கொதிக்கிற தண்ணியை வெச்சு மூடியைக் கொஞ்சமா நகர்த்தி, நான் தள்ளி உக்காந்து குட்டியைத் துண்டுல சுத்தி மடியில வெச்சுக்கிட்டேன். பத்து நிமிஷம். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு மூக்கு மேல ஒத்தி ஒத்தி எடுத்தேன், காஞ்சு ஒட்டியிருந்தது ஊறி ஒரு கடுகளவு பொருக்கு பஞ்சோட வந்துச்சு. ரெண்டு தும்மல். அப்புறம் மூக்கு நுனி லேசா அசைய ஆரம்பிச்சுது, அஞ்சு நாளா நான் பாக்காத அசைவு அது. வெங்காயம் பூண்டு உப்பு எதுவும் போடாம வேக வெச்ச கோழித் தண்ணியை மணிக்கட்டுல சொட்டு விட்டுச் சூடு பாத்து, விரல்ல தொட்டு நீட்டினேன். நக்குச்சு. இன்னொரு தடவை. நாக்கு அரம் மாதிரி சொரசொரன்னு விரல்ல படுது, நான் அழுதுட்டே கொடுக்கிறேன், அம்மா வெளியே நின்னு "என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு"ன்னு கதவைத் தட்டுறாங்க.

அடுத்த நாலு நாள் ரெண்டரை மணி நேரத்துக்கொரு தடவை, ராத்திரியும்தான். ஈர உணவு பாக்கெட்டை வெந்நீர் டம்ளர்ல அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்துக் கொடுப்பேன், பூனை உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல, அந்தச் சூட்டுல இருந்தாத்தான் வாசனையும் தூக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்து வெச்சா இப்பவும் தொட மாட்டா. ஊசியில்லாத சிரிஞ்சுல கொடுக்கிறப்ப வாய்க்கு நேரா பீச்சக் கூடாது, புரை ஏறிடும். கன்னத்துப் பக்கமா கொஞ்சம் விட்டு, முழுங்கினப்புறம் அடுத்தது. எடை 465, 472, 480, 494. அந்த நோட்டு இன்னும் வெச்சிருக்கேன்.

சளி போனதும் எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். சாப்பிட்டா, ஆனா என் விரல்ல இருந்து மட்டும்தான். கோழி தவிர வேற எதுவும் வேண்டாம். அம்மா சொன்ன அந்தப் பாதி இப்பத்தான் வந்து நின்னுச்சு. கோழியே திங்கட்டுமேன்னு விட்டுடலாம்னு தோணுச்சு, கறிக்கடை பாய்கூட நான் போனதும் கேக்காமலே எலும்பில்லாத நூறு கிராம் நறுக்கிக் கொடுத்துடுவார். ஆனா வெறும் கோழிக்கறியில வளர்ற குட்டியோட எலும்புக்கு வேணும்கிற கால்சியம் கிடையாது, கறியில இருக்கிற டாரின்ங்கிற சத்து வேற வேகவெச்ச தண்ணியிலயே கொஞ்சம் போயிடும், அது பத்தலன்னா பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஈரலும் தினம் கூடாதுன்னாங்க, வைட்டமின் ஏ ஜாஸ்தியாயிடும்.

அதனால கோழியை நிறுத்தல, குறைச்சேன். ஒரே ஒரு ஈர உணவு, அதோட துண்டுகளை முள்கரண்டியால கிரேவியோட சேத்துக் கூழா மசிச்சு, மேல கோழியைப் பூ மாதிரி உதிர்த்துத் தூவி. ரெண்டு நாளைக்கொரு தடவை கோழியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். விரல்ல கொடுக்கிறப்ப விரலைத் தட்டுப் பக்கமா இறக்கிட்டே வந்து, கடைசியில தட்டைத் தொட்டுட்டு எடுத்துடுவேன். இதுக்கு ஒரு வாரத்துக்கு மேல பொறுமை வேணும், ஒரு நாள் சாப்பிடுவா, மறுநாள் அப்படியே உக்காந்து என் மூஞ்சையே பாப்பா. நாளைக்கு நாலு வேளை, இருபது நிமிஷம் கழிச்சு எடுத்துடுறது. ஆனா ரெண்டு வேளை சேந்தாப்புல சாப்பிடலன்னா பிடிவாதம் பாக்காம கோழித் தண்ணி கொடுத்துடுவேன். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டு வர்றதெல்லாம் குட்டிக்குக் கூடவே கூடாது.

இதுக்கு நடுவுல ஒரு நாள் தட்டை நானே மோந்து பாத்தேன். ப்ளாஸ்டிக் கிண்ணம், எலுமிச்சை வாசனை பாத்திர சோப்பு, எவ்வளவு அலசியும் வாசனை போகல. பூனைக்கு எலுமிச்சை வாடை ஆகாது. அன்னைக்கே அதைத் தூக்கிப் போட்டுட்டு அகலமா ஒரு எவர்சில்வர் தட்டு வெச்சேன். இவ வெளிக்குப் போற மண் டப்பாவும் சாப்பாட்டுத் தட்டும் ஒரே மூலையில இருந்துச்சு, டப்பாவைப் பால்கனிக்கு மாத்துனேன். எறும்புக்கு நம்ம வீட்டுல சர்க்கரை டப்பாவுக்குச் செய்யுற அதே வழிதான், பெரிய தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல இவ தட்டு.

லூஸ்ல வாங்கின அந்த உணவு மழைக்கு நமத்துப் போயிருந்துச்சு, ஏற்கனவே கடையில மூட்டை எத்தனை நாளா திறந்து கிடந்துச்சோ. ஒண்ணை உடைச்சுப் பாத்தா சத்தமே வரல. சின்ன சீல் பாக்கெட்டா வாங்கி எவர்சில்வர் சம்படத்துல மூடி வெச்சேன். மிக்ஸியில ரெண்டு சுத்து சுத்திப் பொடியாக்கி ஈர உணவு மேல தூவுனேன், அப்புறம் அரையும் குறையுமா உடைச்சது, அப்புறம் முழுசு. பத்து நாள் ஆச்சு. டிசம்பர்ல ஒரு ராத்திரி படுத்திருக்கிறப்ப சமையக்கட்டுல கடக் கடக்னு சத்தம், அம்மா எழுந்து என்னை உலுக்கி "கேக்குதா"ன்னாங்க. ரெண்டு பேரும் லைட் போடாம படுத்துக்கிட்டே கேட்டுட்டு இருந்தோம்.

போன வாரம் மறுபடியும் ரெண்டு நாளா கடக் கடக் இல்ல, கூழை மட்டும் நக்கிட்டு மிச்சம் வெச்சா. எடை 1 கிலோ 900, இறங்கல. இந்தத் தடவை கிண்ணத்தை மாத்தல, முதல்ல மூக்கைப் பாத்தேன், ஈரமா சுத்தமா இருந்துச்சு, அப்புறம் உதட்டைத் தூக்கிப் பாத்தேன். ஈறு ஒரு பக்கம் லேசா செவந்து, மேல கோரைப்பல் ஆடிட்டு இருக்கு. பால் பல்லு விழுற வயசு. உணவை வெந்நீர்ல ஊற வெச்சுக் கொடுத்துட்டு இருக்கேன். நேத்து காலையில தட்டு ஓரத்துல அரிசி மணி மாதிரி வெள்ளையா, நுனி கூரா ஒரு பல்லு கிடந்துச்சு, அம்மா அதை எடுத்துக் கழுவி மஞ்சள் டப்பா மேல வெச்சிருக்காங்க.