பாதரசம் பிரிந்தது, சோடியம் மசியவில்லை

நேற்று ராத்திரி ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். வீட்டிலேயே செய்த நிறமாலைமானியில், அதாவது ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் டப்பாவில், பழைய சிஎஃப்எல் பல்பைப் பார்த்தால் இத்தனை நாள் ஒரே மஞ்சள் பட்டையாகத் தெரிந்த பாதரச ஒளி, 577, 579 நானோமீட்டர் அலைநீளங்களில் இரண்டு கோடுகளாக, நடுவில் மயிரிழை இருட்டோடு பிரிந்து நின்றது. இரண்டு நானோமீட்டர்தான் இடைவெளி. ஒளியைப் பிரிக்க நெருக்கமான வரிகள் கொண்ட டிவிடித் துண்டும் அட்டை டப்பாவும் வைத்துக்கொண்டு இது கிடைத்ததற்கு இரண்டு மணி நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டிவிடியை உரிப்பது, சாயத்தைக் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. வெளி விளிம்பிலிருந்து சின்னத் துண்டாக வெட்டுங்கள், அங்கேதான் வரிகளின் வளைவு குறைவு. என் உயிரை எடுத்தது பிளவு, அதாவது டப்பாவுக்குள் ஒளி நுழையும் மெல்லிய இடுக்கு. ஒரு ரேசர் பிளேடை இரண்டாக உடைத்து, கூர்முனைகளை எதிரெதிரே வைத்து, நடுவில் ஒரு தாளைச் செருகி ஒட்டினேன். தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், அது போதும். ஆனால் பசை உலரும்போது பிளேடை ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது, மேலே குறுகி கீழே அகன்ற ஆப்பு மாதிரி ஆகிவிடும், கோடுகளும் அதே வடிவத்தில் கீழே தடித்துக்கொண்டே போகும். நாலு பிளேடு வீண். கடைசியில் ஒரு பாதியை மட்டும் ஒட்டிவிட்டு, மற்றதைச் சின்னக் காந்தத்தால் பிடித்து விரல்நகத்தால் தட்டித் தட்டி நகர்த்தினேன். எஃகு பிளேடு ஆச்சே, காந்தம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. இது முன்னாடியே தோன்றியிருக்கக் கூடாதா!

அதற்கப்புறமும் கோடுகள் மழுங்கலாகத்தான் இருந்தன. பிளவும் டிவிடி வரிகளும் இணையாக இல்லை, அவ்வளவுதான். துண்டை ஒரு பாகை திருப்பியதும் பளிச். நிறமாலை நெடுக்க ஓடிய கறுப்புக் கீறல்களை டிவிடியின் கோளாறு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன், பார்த்தால் பிளேடு விளிம்பில் ஒட்டிய தூசி.

எந்தக் கோடு எந்த அலைநீளம் என்று அளவு குறிக்கும்போது ஒன்று: சிஎஃப்எல்லில் 436, 546 இரண்டும் பாதரசம், ஆனால் 611இல் வரும் அந்தத் தடித்த சிவப்பு யூரோப்பியம், குழாயின் உள்பூச்சிலிருந்து வருவது. அதைப் பாதரசத்தின் கணக்கில் எழுதிவைக்காதீர்கள்.

சோடியம்தான் மானத்தை வாங்குகிறது. அதன் இரண்டு மஞ்சள் கோடுகள் 589.0, 589.6. என் டப்பாவில் இன்னும் ஒரே கோடுதான். ஆனால் கூப்பிடாமலே எல்லா இடத்திலும் வந்து நிற்கும். பொட்டாசியம் குளோரைடைச் சுடரில் காட்டினாலும் முதலில் எட்டிப்பார்ப்பது அதுதான், கம்பியை விரலால் தொட்டிருந்தால் போதும், வியர்வை உப்பு. பொட்டாசியத்தின் 766 கோட்டையோ ஃபோன் கேமராவின் அகச்சிவப்பு வடிகட்டி விழுங்கிவிடுகிறது. 1860இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் வெறும் பட்டகத்தை வைத்துக்கொண்டு, கனிம நீரில் இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்து சீசியம் என்ற புதுத் தனிமத்தையே பிடித்தார்கள். நான் உப்போடு மல்லுக்கட்டுகிறேன்.

இடையில், மில்லிமீட்டருக்கு 1000 கோடு என்று சொல்லி ஆன்லைனில் விற்ற கீற்றணித் தகடு (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பிரிப்பது) ஒன்று வாங்கினேன். 532 நானோமீட்டர் பச்சை லேசரை அடித்தால் 32 பாகையில் விழவேண்டிய புள்ளி 15 பாகையில் விழுந்தது. அதாவது 500 கோடு. டிவிடி இலவசமாகவே 1350 தருகிறது, போங்கள்.

அடுத்து டப்பாவின் நீளத்தை 10 சென்டிமீட்டரிலிருந்து 20 ஆக்கப் போகிறேன், பிளவு பாதி அகலமாகத் தெரியும். வடிகட்டி கழற்றிய பழைய வெப்கேம் ஒன்றும் மேசையில் தயார். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பையும் பார்க்கவேண்டும், 585லிருந்து 640 வரை கோடுகள் நெருக்கியடித்து நிற்குமே. ஆனால் இருக்கிற டப்பாவுக்கே இன்னும் மூடி ஒட்டவில்லை, கறுப்புத் துணியைப் போர்த்தித்தான் படம் எடுக்கிறேன்.