மகிழ்ச்சி வராத நாள்களிலும் செபிப்பது பற்றி

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், இயேசு ஊர் ஊராக அனுப்பிவைத்த 72 சீடர்கள் மகிழ்ச்சியோடு திரும்பி வருகிறார்கள். பேய்கள்கூடத் தங்களுக்கு அடிபணிகின்றன என்று அவர்கள் பூரித்துச் சொல்லும்போது இயேசு அதை மறுக்கவில்லை; ஆனால் அதற்காக மகிழ வேண்டாம் என்றும், தங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகவே மகிழ வேண்டும் என்றும் சொல்கிறார். அதைத் தொடர்ந்து, இயேசுவே தூய ஆவியால் பேருவகை அடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த உவகைக்குக் காரணம் சீடர்கள் சாதித்துவிட்டு வந்த செயல்கள் அல்ல. ஞானிகளுக்கும் அறிஞர்களுக்கும் மறைத்தவற்றைத் தந்தை குழந்தைகளுக்கு வெளிப்படுத்தினார் என்பதுதான். கிறிஸ்தவ வாழ்வில் ஆன்மிக மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்தச் சில வசனங்களைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன். நாம் செய்து முடித்ததிலிருந்தோ நமக்குக் கிடைத்ததிலிருந்தோ அது வருவதில்லை. நாம் யாருடையவர்கள் என்பதிலிருந்து வருகிறது.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியது எங்கள் அன்பியக் கூட்டங்களால்தான். தெருவிலுள்ள குடும்பங்கள் ஏதேனும் ஒரு வீட்டில் கூடி, இறைவார்த்தையை வாசித்து, செபமாலை சொல்லி முடித்தபின், ஆண்டவர் தமக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொருவராகச் சொல்வது எங்கள் வழக்கம். சிங்கப்பூருக்கு விசா கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, பாதியில் நின்ற வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று, அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வரிசையாக வரும். இவற்றுக்கெல்லாம் நன்றி சொல்வது முறைதான். சொல்லாமல் இருப்பதுதான் தவறு. ஆனால் விசா கிடைக்காதவரும் அதே பாயில்தான் அமர்ந்திருக்கிறார். தம் முறை வரும்போது அவர், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேட்டது கிடைத்தவர்களுக்கு மட்டுமே உரியது ஆண்டவரின் மகிழ்ச்சி என்று நாம் அறியாமலேயே அவருக்குக் கற்பித்துவிட்டோமோ என்று கவலைப்படுகிறேன்.

அப்படிப்பட்டவருக்கு விவிலியத்தில் ஒரு துணை உண்டு. அபக்கூக்கு இறைவாக்கினர் தம் நூலின் கடைசி அதிகாரத்தில் ஒரு பட்டியல் போடுகிறார்: அத்திமரம் துளிர்க்காது, திராட்சைக் கொடியில் கனி இராது, ஒலிவம் பொய்த்துப்போகும், வயலில் விளைச்சல் இராது, கிடையில் ஆடும் தொழுவத்தில் மாடும் இல்லாமல் போகும். அத்தனையும் போனபின்னும் நான் ஆண்டவரில் களிகூர்வேன் என்று முடிக்கிறார். சிவகங்கைச் சீமையில் வாழும் எவருக்கும் இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை. அத்தியையும் ஒலிவத்தையும் எடுத்துவிட்டு, நீரின்றி வெடித்த கண்மாயையும் கதிர் பிடிக்காமல் கருகிய நெல்லையும் வைத்துக்கொண்டால், அது நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பலமுறை கண்ட ஆண்டுகளின் கணக்குத்தான். இறைவாக்கினர் அந்த இழப்பைச் சிறிதாக்கவில்லை, நாளை எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நெஞ்சு நடுங்கிற்று, உதடுகள் துடித்தன என்று அதற்கு முந்தைய வசனத்தில்தான் அவர் சொல்லியிருக்கிறார். நடுக்கமும் களிப்பும் ஒரே மனிதரிடத்தில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

அப்படியானால் இந்த மகிழ்ச்சி ஓர் உணர்ச்சியா இல்லையா என்ற கேள்வி எழும். இதற்கு மிகத் தெளிவாக வழிகாட்டியவர், இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு பாம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு தாக்கிக் கால் முறிந்து, தம் வீட்டில் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும் மட்டுமே. போர்க்களப் புகழையும் ஓர் உயர்குலப் பெண்ணின் பாராட்டையும் பற்றிக் கற்பனை செய்தபோது அவருக்கு இன்பமாகவே இருந்தது. ஆனால் கற்பனை ஓய்ந்தபின் உள்ளம் வறண்டு, நிறைவின்றிக் கிடந்தது. புனிதர்களைப் போல் கடுந்தவம் செய்து எருசலேமுக்கு நடந்து செல்வதை எண்ணியபோதும் இன்பம் வந்தது. அந்த எண்ணம் நீங்கியபின்னும் அந்த இன்பம் நீங்கவில்லை. இந்த வேறுபாட்டை அவர் ஒருநாள் கவனித்துவிட்டார். எது அந்த நேரத்தில் இனிக்கிறது என்று பார்ப்பதை விட்டு, எது போனபின்னும் எஞ்சி நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளில் உள்ள ஆவிகளைத் தேர்ந்து தெளியும் முறை, அதாவது உள்ளத்தில் எழும் தூண்டுதல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பிரித்தறியும் முறை, அந்தப் படுக்கையில் முளைத்ததுதான்.

ஒலிபெருக்கியும் விசைப்பலகையும் முழங்கும் பெரிய செபக் கூட்டங்களுக்குச் சென்று கண்ணீரோடும் பூரிப்போடும் திரும்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணீரும் ஒரு கொடைதான். ஆனால் இஞ்ஞாசியாரின் கேள்வியை அவர்களும் நானும் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில், சமையலறையில், மாமியாரிடமோ மருமகளிடமோ பேசும்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? மிஞ்சியிருந்தால் அது ஆண்டவரிடமிருந்து வந்தது என்று நம்பலாம். இசை நின்றதும் அதுவும் நின்றுவிட்டால், நல்ல இசையைக் கேட்டோம் என்று அதற்காக நன்றி சொல்லலாம்.

என் தாயார் இறந்தபின் நெடுங்காலம் எனக்குச் செபத்தில் எந்தச் சுவையும் இருக்கவில்லை. திருப்பலிக்குச் சென்றேன், பதில்களைச் சொன்னேன், நற்கருணை வாங்கினேன். உள்ளம் மரத்துக் கிடந்தது. அப்போது எனக்கு உதவியவர் எங்கள் தெருவில் வாழ்ந்த ஒரு அப்பத்தா. செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சீர்ப் பலகாரம் செய்யப் போகிறவர். மணகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமும் அவர் கைக்கு அப்படி வரும். கணவரையும் ஒரு மகனையும் இழந்தவர். வேலைக்குப் போகும் முன் காலைத் திருப்பலிக்கு வந்துவிடுவார். "அப்பத்தா, கோயிலுக்கு வந்தா மனசுக்குச் சந்தோசமா இருக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன். "சில நாள் இருக்கும் ஆத்தா, பல நாள் இருக்காது. மணி அடிச்சா நான் கெளம்பிருவேன். சந்தோசம் குடுக்கிறதும் குடுக்காததும் சாமி பாடு" என்றார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து இஞ்ஞாசியாரின் விதிகளை வாசித்தபோது, அந்த அப்பத்தா சொன்னதையே அவரும் சொல்லியிருப்பதைக் கண்டேன். ஆன்ம வறட்சியின் நாள்களில், முன்பு எடுத்த நல்ல தீர்மானங்களை மாற்றவே கூடாது என்கிறார் அவர். குறைப்பதற்குப் பதில் செபத்தைக் கொஞ்சம் கூட்டவும் சொல்கிறார். வறட்சிக்கு மூன்று காரணங்களையும் தருகிறார். நம் அசட்டையால் அது வரலாம். பலன் கண்ணில் படாதபோது நாம் எவ்வளவு நிலைத்திருப்போம் என்று சோதிக்கப்படுவதால் வரலாம். ஆறுதலும் மகிழ்ச்சியும் நம் முயற்சியின் கூலி அல்ல, கடவுளின் கொடை என்று நாம் உள்ளூர அறிந்துகொள்வதற்காகவும் வரலாம். இந்த மூன்றாவது காரணம் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. செட்டிநாட்டு ஊர்களில் கோடையில் ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாருகிறவர்கள் மழையை உண்டாக்குவதில்லை. ஆனால் தூர்வாராத ஊரணிக்கு ஐப்பசியில் எவ்வளவு பெய்தும் பயனில்லை. நம் அன்றாடச் செபம் செய்வது அந்தத் தூர்வாரும் வேலையைத்தான்.

தவக்காலத்தின் நடுவில், நான்காம் ஞாயிறன்று, திருச்சபை தவத்துக்குரிய ஊதா உடையை ஒதுக்கிவைத்து ரோசா நிற உடை அணிய இடம் தருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த ஞாயிற்றின் வருகைப் பாடல் எருசலேமை மகிழச் சொல்கிறது. பாடுகளின் வாரம் இன்னும் வரவில்லை, சிலுவை இன்னும் முன்னால் இருக்கிறது. இருந்தும் மகிழச் சொல்கிறது.

இனி, வரத்துக்கால் அடைபடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வறட்சியும் சோதனை அல்ல. நம் பகுதியில் அதை அடைப்பதில் முதலிடம் பெறுவது, என் பார்வையில், சொத்துப் பங்குத் தகராறு. பூர்வீக வீட்டில் ஒரு பத்திக்காகவும் கொல்லைப்புறத்தில் நான்கடி நிலத்துக்காகவும் உடன்பிறந்தவர்கள் பல ஆண்டுகள் பேசாமல் இருக்கிறார்கள்; ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில், ஒருவர் ஆண்கள் பக்கத்தின் முன்வரிசையிலும் மற்றவர் பின்வாசல் அருகிலும் நிற்கிறார்கள். இருவரும் பக்தியுள்ளவர்கள்தான். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்குத் தந்தை விருந்து வைக்கும் ஊதாரி மைந்தன் உவமையில் வரும் மூத்த மகனும் வீட்டை விட்டுப் போகாதவன், கட்டளையை மீறாதவன். வீட்டுக்குள் ஆடலும் பாடலும் நடக்கும்போது அவன் வெளியே நிற்பதற்குக் காரணம் கொழுத்த கன்று யாருக்குப் போயிற்று என்ற கணக்குத்தான். தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரப்படவில்லை என்று அவன் சொல்ல, என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்று தந்தை பதில் தருகிறார். கையில் இருப்பதைக் கண்டுகொள்ளாத அந்த மகனிடம் மகிழ்ச்சி எப்படி நுழையும்? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போ என்று ஆண்டவர் சொன்னது இதற்கும் பொருந்தும். பாவங்களை அறிக்கையிட ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய்விட்டு வந்தவரின் முகம் தெளிந்திருப்பதை நாம் பார்க்கிறோம். அண்ணன் வீட்டு வாசல் ஏறிவிட்டு வந்தவரின் முகம் இன்னும் தெளிந்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் உறங்கும் முன் ஆன்ம ஆய்வு செய்யும் பழக்கமும் மிகவும் உதவும். அதை நன்றியில் தொடங்க வேண்டும் என்பதே இஞ்ஞாசியார் வைத்த ஒழுங்கு; குற்றங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, புனித அருளானந்தர் உயிர் கொடுத்த ஓரியூரைப் பற்றி. தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில், ஜான் டி பிரிட்டோ என்ற இயற்பெயர் கொண்ட அந்தப் புனிதரிடம் வேண்டுதல் வைக்காத குடும்பம் அரிது. 1647இல் லிஸ்பனில் பிறந்து, போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசரின் தோழராக வளர்ந்து, இயேசு சபையில் சேர்ந்து, மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, பண்டாரசாமிகள் என்னும் துறவிகளின் உடையும் மரக்கறி உணவும் ஏற்று மறவர் நாட்டில் நடந்தவர். 1686இல் பிடிபட்டு வதைக்கப்பட்டு, விடுதலையாகி, ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே தங்கும்படி மன்னர் வற்புறுத்தியும் கேளாமல் திரும்பி வந்தார். மறுபடியும் பிடிபட்டு, 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த மண் சிவந்திருப்பதைக் காட்டி, அது அவர் சிந்திய இரத்தத்தால்தான் என்று சொல்லும் கதை நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும்.

அவ்வளவாகத் தெரியாதது, இறப்பதற்கு முந்தைய நாள் அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதம். சாவை ஆவலோடு எதிர்பார்த்திருப்பதாகவும், தம் உழைப்புக்கும் பாடுகளுக்கும் கிடைக்கும் மிக உயர்ந்த பரிசாக அதைக் கருதுவதாகவும் அதில் எழுதுகிறார். தாம் செய்த குற்றம் இறைவனின் நெறியைப் போதித்தது ஒன்றே என்றும், நற்செயலே குற்றமாக எண்ணப்படும்போது அதற்காகத் துன்புறுவது பெருமையே என்றும் சொல்கிறார். இது துணிச்சலான மனிதரின் வீர வசனம் அல்ல. பவுலும் பிலிப்பியருக்கு, என்றும் மகிழுங்கள், மீண்டும் சொல்கிறேன், மகிழுங்கள் என்று விலங்கிடப்பட்ட கைதியாகத்தான் எழுதினார். அதே பிலிப்பி நகரின் சிறையில் முன்பு அவரும் சீலாவும் அடிபட்ட உடம்போடு நள்ளிரவில் பாடியதை அந்தக் கடிதத்தை வாசித்தவர்கள் அறிந்திருந்தார்கள். பவுலும் அருளானந்தரும் தம் உயிரைக் கிறிஸ்துவுடையது என்று வெகுகாலம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள். ஆகவே அவர்களிடமிருந்து பறிப்பதற்குக் காவலாளிக்கு ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் மகிழ்ச்சியை யாரும் உங்களிடமிருந்து நீக்கிவிட முடியாது என்று ஆண்டவர் இறுதி இராவுணவின்போது தந்த வாக்கு அவர்களிடம் அப்படியே நிறைவேறியது.

திருவாடானை வழியாக ஓரியூர் செல்கிறவர்கள், மொட்டை போட்டு, ஆடு அறுத்து, அசன விருந்து கொடுத்து முடித்ததும் பேருந்தைப் பிடிக்க விரைகிறார்கள். விசாவுக்கும் வரனுக்கும் பிள்ளைவரத்துக்கும் அவரிடம் வேண்டுவதில் தவறில்லை, நானும் வேண்டியிருக்கிறேன். அவற்றோடு, அந்தச் சிறையில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, ஆலயத்துக்குள் அமர்ந்து, பிள்ளைகளுக்குப் புரியும்படி நிறுத்தி வாசித்துக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.