பெருங்காயத்தில் இருந்த கோதுமை

எனக்குச் சீலியாக் என்னும், கோதுமை உணவு ஆகாத நோய் இருப்பது 2019ஆம் ஆண்டில் உறுதியானபோது, வேலூரில் சோறு உண்டு வளர்ந்த குடும்பத்துக்கு இது பெரிய சிரமமாக இராது என்றே நாங்கள் அனைவரும் எண்ணினோம். சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, பிஸ்கட் ஆகியவற்றை விட்டுவிட்டால், இட்லியும் தோசையும் கேழ்வரகுக் களியும் அப்படியே இருக்கின்றனவே என்று அம்மா ஆறுதல் சொன்னார். ஆனால் ஓராண்டு கழிந்த பின்னும் சோர்வும் வயிற்று உப்புசமும் நீங்கவில்லை; இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் ரத்தசோகை குறையவில்லை. உணவு ஆலோசகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சோறு சரி, சோற்றோடு என்னென்ன சேர்த்துக்கொள்கிறீர்கள்?"

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால், இந்நோய் உள்ளவர்களின் உடல் தன் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைக்கிறது. இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. ஆகவே "கொஞ்சம்தானே" என்பதற்கு இங்கே இடமில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஊறுகாய் ஜாடி வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தபோது, முதலில் சிக்கியது பெருங்காயம். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். தூய பெருங்காயப் பிசினின் காரமும் மணமும் தாங்க முடியாத அளவுக்குக் கடுமையாக இருப்பதால், அதனுடன் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல பொட்டலங்களில் கோதுமை மாவு அல்லது மைதா; சிலவற்றில் அரிசி மாவு. தூளாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் இதுவே நிலை. ரசம், சாம்பார், மோர், இட்லிப் பொடி, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய் என்று பெருங்காயம் தொடாத பண்டம் எங்கள் சமையலில் மிகக் குறைவு. "ஒரு சிட்டிகைதானேம்மா" என்றார் அத்தை. அந்தச் சிட்டிகை நாளுக்கு மூன்று வேளையும் ஓராண்டாக என் தட்டுக்கு வந்திருக்கிறது என்று விளக்கியபோது அவர் கண்கலங்கிவிட்டார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. இப்போது அரிசி மாவு கலந்தது என்று பொட்டலத்தில் தெளிவாக எழுதியிருக்கும் பெருங்காயத்தை மட்டுமே வாங்குகிறோம்.

கடைப் பொடிகளை நிறுத்திவிட்டு வீட்டிலேயே குழம்பு மிளகாய்த்தூள் அரைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து மாவு மில்லுக்குக் கொண்டுபோனால், அதே இயந்திரத்தில் சற்று முன்பு யாரோ ஒருவரின் கோதுமை அரைபட்டிருக்கக்கூடும். அதன் மிச்சம் நம் பொடியோடு கலந்துவிடும். மிளகாய்க்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை மிக்ஸியிலேயே சிறிது சிறிதாக அரைத்தேன். கேழ்வரகு மாவுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

சோயா சாஸ் பற்றி ஐயமே வேண்டாம்: வழக்கமான முறையில் அது சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது. தாமரி என்னும் ஜப்பானிய வகையில் கோதுமை இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். அதையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். மாலையில் தள்ளுவண்டியில் ஃபிரைடு ரைஸ் வாங்கித் தின்ற காலம் எனக்கு அத்துடன் முடிந்தது. வினிகரில் மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது, ஆகவே கூடாது. சாதாரண வெள்ளை வினிகரால் கெடுதல் இல்லை. தக்காளி சாஸ் பெரும்பாலும் பாதுகாப்பானது என்றாலும், கெட்டிப்படுத்தச் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்று பார்ப்பேன். மக்காச்சோளம் என்றிருந்தால் எடுத்துக்கொள்வேன், வெறுமனே ஸ்டார்ச் என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன்.

நம் நாட்டு விதிப்படி, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்குத்தான் "குளூட்டன் இல்லாதது" என்ற பெயர் தகும். 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி கோதுமை, பார்லி போன்றவை சேர்ந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பில் தனியாகச் சொல்லியாக வேண்டும். எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் முதலில் அந்த வரியைத் தேடுங்கள். லேபிள் இல்லாமல் எடைபோட்டுத் தரும் பொடியையும் ஊறுகாயையும் நான் வாங்குவதே இல்லை.

வெளியே சாப்பிடுவது இன்னும் கடினம். ஆம்பூர் பிரியாணியின் சீரகச் சம்பா அரிசியில் எனக்குத் தடையில்லை. ஆனால் அதனுடன் வரும் கத்திரிக்காய்த் தொக்கில் என்ன கலந்தார்கள், சால்னாவை மைதா கரைத்துக் கெட்டியாக்கினார்களா, பரோட்டாவைத் தொட்ட கரண்டியா என்று சமையல்காரரிடமே நேரில் கேட்கிறேன். கேட்கக் கூச்சமாக இருந்த நாட்களில்தான் நான் அதிகம் அவதிப்பட்டேன். பதில் தெளிவாக வராத இடத்தில் தயிர் மட்டும் போதும் என்று சொல்லிவிடுவேன்.

ஒருமுறை படித்த பொருளை மறுமுறை படிக்காமல் வாங்குவதும் சரியில்லை. இரண்டாண்டுகளாக நான் நம்பி வாங்கிய புளிக்காய்ச்சல் பாட்டிலில், சென்ற மாதம் பெருங்காயத்தின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோதுமை மாவு என்று புதிதாகச் சேர்ந்திருந்தது. கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கால் கிலோ புளியை நிறுத்துக் கொடுத்தார்.