‘இல்லை’யால் வந்த வினை

ஃபில்டர் காபித் தூள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காகப் போன மாதம் திருச்சியில் சர்வே எடுத்தோம். கேள்வித்தாள் என் பொறுப்பு. எட்டு வாக்கியங்கள், ஐந்து கட்ட லிக்கர்ட் ஸ்கேல்: ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறார்கள் என்று 1 (துளியும் இல்லை) முதல் 5 (முழுக்க) வரை குறிப்பது. எட்டில் மூன்று, காபியைக் குறை சொல்லும் எதிர்மறை வாக்கியங்கள். ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகரில் வீடு பிடித்து, சாம்பிள் பாக்கெட் கொடுத்து, வாரம் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டது எல்லாம் சுமுகமாகவே நடந்தது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் போட்டுப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கிரான்பாக் ஆல்ஃபா, அதாவது வாக்கியங்களுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.34. நான் 0.7-ஐத் தாண்டும் என்று தெம்பாக உட்கார்ந்திருந்தேன்.

எதிர்மறை வாக்கியங்களை ரீகோட் செய்ய, அதாவது அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்க, மறந்துவிட்டேனோ என்று பார்த்தேன். 5-ஐ 1 ஆக, 4-ஐ 2 ஆகத் திருப்பாமல் விட்டால் ஆல்ஃபா மைனஸுக்கே போய்விடலாம். ஆனால் அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன்.

மேனேஜர் சுலபமாக ஒரு வழி சொன்னார்: “அந்த மூணு எதிர்மறை வாக்கியத்தையும் தூக்கிடு.” தூக்கினேன், 0.91. அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தியது. மீதி ஐந்தில் ‘மணம் நன்றாக இருக்கிறது’, ‘வாசனை பிடித்திருக்கிறது’ என்று ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் ஆல்ஃபா ஏறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, தில்லைநகரில் ஒரு வீட்டில் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருந்தார்கள்; பாக்கெட் ஃபிரிட்ஜ் மேலே பிரிக்காமல் இருந்ததாக, கேள்வி கேட்கப் போன பெண்ணே ஓரத்தில் குறித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் இவர்களைப் பிடிக்கத்தானே எதிர்மறை வாக்கியம்? இந்த ஸ்கேலை உருவாக்கிய லிக்கர்ட் 1932-இல் எழுதிய கட்டுரையிலேயே வாக்கியங்களில் பாதியை எதிர்த்திசையில் வைக்கச் சொல்கிறார்.

சரி, பாக்கி இருந்த வீடுகளுக்கு நானும் கூடப் போனேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி. அந்தப் பெண் படித்தாள்: “டிகாஷன் கெட்டியாக இறங்கவில்லை. ஒத்துக்கறீங்களா மாமி?”

“இல்லம்மா, இறங்கவே இல்லை. ரெண்டாவது டிகாஷன் மாதிரி தண்ணியா நிக்கறது.”

மாமி ‘இல்லம்மா’ என்றதுமே ‘ஒத்துக்கொள்ளவில்லை’யில் டிக் விழுந்துவிட்டது. மாமி திட்டியது எங்கள் தாளில் பாராட்டாகப் பதிவானது! பக்கத்து வீட்டில் அதே வாக்கியத்துக்கு “ஆமா, இறங்கல” என்றார்கள். அர்த்தம் ஒன்றுதான், டிக் விழுந்தது எதிர்ப்பக்கம். டிக் போட்டவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘இல்லை’யில் முடியும் வாக்கியத்துக்கு நம் ஊரில் ஆமாம் என்றும் ஒத்துக்கொள்வார்கள், இல்லை என்றும் ஒத்துக்கொள்வார்கள். பத்து வீட்டில் பைலட் (முன்னோட்டச் சோதனை) பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நேரமில்லை என்று அதைத் தவிர்த்தது நான்தான்.

மூன்றையும் ‘இல்லை’ இல்லாமல் மாற்றி எழுதினேன்: ‘மணம் குறைவு’, ‘டிகாஷன் தண்ணியாக இறங்குகிறது’, இந்த மாதிரி. வாசனை வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, பால் சேர்த்த பிறகு நிறம் எப்படி என்று கேட்டேன். நடுக் கட்டம் தனித் தலைவலி. ‘நடுநிலை’ என்றால் உறையூரில் ஒரு பெரியவர், “எந்தக் கட்சியும் இல்லையாங்க?” என்கிறார். ‘சுமார்’ என்று போட்டால் அது நடுவே கிடையாது, பாதி வசவு. கடைசியில் கேள்வியையே இரண்டாகப் பிரித்தேன். முதலில் ‘சரியா, தப்பா, ரெண்டுக்கும் நடுவிலா?’ அப்புறம் சரி, தப்பு என்றவர்களிடம் மட்டும் ‘ரொம்பவா, கொஞ்சமா?’ ஐந்து கட்டமும் தானாக வந்துவிடுகிறது, அட்டையைக் காட்டி விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் ரவுண்டுக்குப் பணம் கிடையாது என்றுவிட்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் பெட்ரோலில் அலைந்து நாற்பது வீடு. ஆல்ஃபா 0.78. நாற்பது வீட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். முதல் ரவுண்டில் கண்ணிலேயே படாத தண்ணி டிகாஷன் புகார், இப்போது முதல் இடத்தில் நிற்கிறது.

அந்த மாமி வீட்டுக்கும் போனேன். புது வாக்கியத்தைப் படித்தேன்.

“அன்னிக்கே அதைத்தானேம்மா சொன்னேன்?” என்றார்.