சம்பளம் எவ்வளவு, ஞானஸ்நானம் எத்தனை

கம்போடியால ஒரு சர்ச்சுக்கு பக்கத்துல புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறேன். லீவுக்கு காரைக்குடி வந்து ஒன்பது நாள் ஆச்சு, இந்த ஒன்பது நாள்ல என்கிட்ட வந்த கேள்விய சுருக்கினா மொத்தம் ரெண்டுதான். முதல் கேள்வி ஆச்சியோடது. அவங்க வீட்டு பின்கட்டுலதான் நாங்க பல வருஷமா வாடகைக்கு இருக்கோம். பைய இறக்கி வச்சு வளவுல அப்பாடான்னு உக்காந்தேன், ஆத்தங்குடி கல்லு காலுக்கு ஜில்லுனு இருந்துச்சு, அதுக்குள்ள "ஏத்தா, மாசம் எவ்வளவு தாராக?"ன்னு கேட்டாச்சு. சம்பளம் இல்ல ஆச்சி, தங்க இடமும் சாப்பாடும் மட்டும்தான்னேன். ஆச்சி தூண தடவிக்கிட்டே, "எங்க அய்யா சைகோனுக்கு போய் சம்பாரிச்சுத்தான் இந்த பர்மா தேக்கெல்லாம் வந்து எறங்குச்சு, நீ அதுக்கு பக்கத்து நாட்டுக்கு போயிட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு வந்திருக்க"ன்னாங்க. கப்பலேறினா காசோடதான் திரும்பணும்ங்கிறது இந்த ஊரு ரத்தத்துல ஊறினது, அவங்கள குத்தம் சொல்ல முடியாது.

ரெண்டாவது கேள்வி அன்பியக் கூட்டத்துல, அதாவது எங்க தெரு கத்தோலிக்கக் குடும்பங்க சேந்து ஜெபம் பண்ற கூட்டத்துல, ஒரு அத்தை கேட்டது. "இதுவரைக்கும் எத்தனை பேரு ஞானஸ்நானம் வாங்கியிருக்காங்க?" அதுக்கும் பதில் சைபர்தான்.

நான் இருக்கிறது அங்க பாட்டம்பாங் பக்கம் ஒரு கிராமம். போறதுக்கு முன்னாடி காரைக்குடில ஒரு பிரைவேட் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் வேலை பாத்து சேத்த காசுலதான் டிக்கெட்டும் விசாவும் எடுத்தேன். அங்க எங்க பாத்தாலும் வயக்காடு, நெல்லு, எருமை, பனைமரம், முதல் வாரம் தேவகோட்டை ரோட்டுல போற மாதிரியே இருந்துச்சு. அங்க கவர்மெண்ட் ஸ்கூல் ஷிப்டு கணக்கு, பாதி பேரு காலைல பாதி பேரு மதியம், அதனால மிச்ச அரை நாள் புள்ளைங்க சும்மாதான் சுத்தும், அதுகள வச்சுத்தான் என் இங்கிலீஷ் கிளாஸ். கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, பக்கத்துல ஒரு தகர ஷெட். மே மாசத்துல இருந்து மழைக்காலம், பெய்ய ஆரம்பிச்சா தகரத்துல விழற சத்தத்துல நான் கத்துறது எனக்கே கேக்காது, அப்ப போர்டுல எழுதி எழுதித்தான் பாடம், ஸ்பெல்லிங் டெஸ்ட் எல்லாம் மழை நாள்லதான் வைப்பேன்.

புள்ளைங்க என்ன "நெக் க்ரூ"ன்னு கூப்பிடும், டீச்சரம்மான்னு அர்த்தம், அந்த க்ரூ நம்ம குருதான். கிராமத்துக்கு "பூம்", அது பூமி. முகத்துக்கு "முக்". அவங்க எழுத்தே பல்லவர் காலத்து எழுத்துல இருந்து வந்ததுதான், இது எனக்கு போனதுக்கு அப்புறம்தான் தெரியும், சின்னப் புள்ளைங்க க, கா, கோன்னு ராகம் போட்டு படிக்கிறத கேட்டப்ப ஒரு நிமிஷம் எந்த நாட்டுல இருக்கேன்னே மறந்து போச்சு.

பெரிய சண்டை என்னன்னா 'ஸ்'. அவங்க பாஷை கெமர், அந்த எழுத்துல வார்த்தை கடைசில ச இருந்தாலும் வாசிக்கிறப்ப ஒரு மூச்சு மாதிரி 'ஹ்'னு விட்டுருவாங்க. அதனால ரைஸ் "ரைஹ்" ஆயிரும், ஹவுஸ் "ஹவுஹ்" ஆயிரும். ஒரு பையன், பத்து வயசு இருக்கும், முன்பல்லு ரெண்டும் பெருசா, நான் பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ்னு சீறிக் காட்டினா அவனும் ஜோரா சீறுவான், சரிடா இப்ப ரைஸ் சொல்லுன்னா "ரைஹ்"ம்பான். பாம்பு தனியா வரும், வார்த்தையோட சேந்து வராது. மூணு மாசம் இந்த கூத்து. இதுல என் லட்சணம் வேற இருக்கு, ஒரு நாள் மொத்த கிளாஸும் கோரஸா "புக்கு", "பஸ்ஸு"ங்குது, எங்கடா கத்துக்கிட்டீங்கன்னு யோசிச்சா என்கிட்டதான்! பஸ்ஸுல அந்த ஸ் மட்டும் கரெக்டா வருது பாருங்க, பின்னாடி நம்ம ஊரு உகரம் முட்டுக் கொடுக்குதுல்ல.

ஞாயித்துக்கிழமை பூசைக்கு செருப்ப வெளிய விட்டுட்டு பாயில உக்காருவோம், நம்ம கிராமத்து கோயில் மாதிரியே. ஆனா கிளாஸுக்கு வர்ற புள்ளைங்க முக்காவாசி புத்த மதம். இங்கிலீஷ காட்டி கோயிலுக்கு இழுக்கிறது எனக்கு புடிக்கல, நேரா சொல்றேன், புள்ளைங்க வர்றது சியம் ரீப்ல டூரிஸ்ட் ஹோட்டல்ல ஒரு வேலை கிடைக்காதான்னு, அந்த ஆசைய நான் வேற எதுக்கும் தூண்டிலா போட மாட்டேன். யாராவது கேட்டா என் சாமி யாருன்னு சொல்லுவேன், அவ்வளவுதான். இத சொன்னதும் அந்த அன்பியத்து அத்தை "அருளானந்தர் நமக்காக உசுரையே குடுத்தாரு"ன்னு ஆரம்பிச்சாங்க. அருளானந்தர்ங்கிறது ஜான் டி பிரிட்டோ சாமியார், அவர் உசுர விட்ட ஓரியூரோட செம்மண்ண நெத்தில பூசி வளந்தவதான் நானும், 1693ல அவர் தலைய வெட்டின கதை எனக்கும் தெரியும். ஆனா அந்த போர்த்துக்கீசியர் வந்து முதல்ல தமிழ் கத்துக்கிட்டாரே, கறி மீன விட்டு, நம்ம ஊரு சாமியார் மாதிரி காவி கட்டினாரே, நான் அங்க போய் ஆறு மாசம் வரைக்கும் கடைல வெங்காயம் கேக்க கைய ஆட்டிக்கிட்டு இருந்தவ.

புரட்டாசி வாக்குல அங்க ப்சும் பென்னு செத்தவங்களுக்கு பதினஞ்சு நாள் விசேஷம், அந்த பென் நம்ம பிண்டம்தான். பல்லு பெருசு பையனோட பாட்டி விடியறதுக்கு முன்னாடி என்னையும் விகாரைக்கு கூட்டிட்டு போனாங்க, சோத்து உருண்டைய இருட்டுல எறியறாங்க, நான் எறியல, கூட நின்னேன். அவங்க அண்ணன் வாத்தியார், 1975க்கு அப்புறம் சர்வாதிகாரி போல்பாட் காலத்துல படிச்சவங்கள தேடித்தேடி கொன்னப்ப கூட்டிட்டு போனது, திரும்பல. அண்ணன் பேரைச் சொல்லி ஒரு உருண்டை. அப்புறம் என்னைப் பாத்து ஒனக்கு யாருன்னாங்க. அப்பத்தா பேரைச் சொன்னேன். அப்பத்தா பேரும் 'ஸ்'லதான் முடியும், பாட்டி அத 'ஹ்'னு முடிச்சு இன்னொரு உருண்டைய எறிஞ்சாங்க. நான் திருத்தல. திரும்பி வந்து தேங்காப்பால் ஊத்தி கருப்பு ஒட்டரிசி குடுத்தாங்க, ஒரு வாய் வச்சா அப்படியே நம்ம கவுனி அரிசி!

இத ஆச்சிகிட்ட சொன்னேன். கவுனியே பர்மால இருந்து நம்மாளுக கொண்டாந்ததுதானேன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தம்மாவுக்கு ஒரு டப்பா கொண்டு போறியான்னு கேட்டாங்க, அரிசி விளையற ஊருக்கு அரிசியான்னு சிரிச்சேன், சரி அப்ப தேங்குழல் சுட்டுத் தாரேன்னுட்டாங்க. சம்பளப் பேச்ச அதுக்கு மேல எடுக்கல.

இத டைப் பண்ணிட்டு இருக்கப்ப மணி ஒன்றரை, அங்க மூணு. பல்லு பெருசுகிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ். அங்கயும் நம்மள மாதிரிதான், பாத்ததும் முதல்ல சாப்டாச்சான்னுதான் கேப்பாங்க. "டீச்சர், யூ ஈட் ரைஹ் ஆல்ரெடி?"

நான் ஸ்ஸ்ஸ்னு மட்டும் ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. "ரைஸ்ஸு."