பன்னிரண்டு பக்கப் பகடைக்குப் பதில் தாயக்கட்டை: செய்து பார்த்தது

உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் எங்கள் குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறது. ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, நடப்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் கதை விளையாட்டு அது. கதை நடக்கும் ஊர் திருகோணமலையைப் பார்த்துச் செய்த கற்பனை ஊர்: கோட்டைக்குள் மான்கள், பாறை விளிம்பில் இராவணன் வெட்டு, காட்டோரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். பகடைகள் வழக்கமானவைதான், டி4 முதல் டி20 வரை, அதாவது நான்கு பக்கம் முதல் இருபது பக்கம் வரை. இந்தமுறை அந்த வரிசைக்கு வெளியே உள்ள சில பகடைகளையும் மேசைக்குக் கொண்டுவந்தேன். கூகிள் ஷீட்ஸில் நான் செய்து வைத்திருக்கும் பாத்திரத் தாளிலும் (ஒவ்வொரு கதாபாத்திரத்தின் விவரமும் பதியும் தாள்) அவற்றைச் சேர்த்தேன். எது நின்றது, எதைக் கழற்றினேன் என்று எழுதி வைக்கிறேன்.

டி7 தேவைப்பட்டதே கன்னியாவால்தான். கிணறுகள் ஏழு. பாத்திரம் எந்தக் கிணற்றில் அள்ளிக் குளிக்கிறதோ அதற்கேற்ற வரம் அல்லது வினை. ஏழு பக்கப் பகடை கையில் இல்லாவிட்டால் டி8 போதும். எட்டு விழுந்தால் திரும்ப உருட்ட வேண்டும், அவ்வளவுதான். எட்டை ஒன்றாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவன் கேட்டான். அப்படிச் செய்தால் முதலாம் கிணற்றுக்கு மட்டும் இரட்டை வாய்ப்புப் போய்விடும்.

பிறகு லண்டனில் இருந்து வந்த மாமா உண்மையான டி7 ஒன்று கொண்டுவந்தார். டன்ஜன் கிரோல் கிளாசிக்ஸ் என்ற விளையாட்டுக்காக விற்கப்படும் பொதியில் அது இருந்தது. டி3, டி5, டி14, டி16, டி24, டி30 என்று கூடவே ஒரு பட்டாளம். அந்த டி7, ஐந்து பக்கம் உள்ள குட்டையான கட்டை, இரண்டு முனையும் சேர்ந்து ஏழு. பக்கவாட்டில் விழுந்தால் மேலே வருவது முகம் இல்லை, ஒரு விளிம்பு. அதனால் எண்ணை விளிம்போரம் பார்த்து வாசிக்க வேண்டும், புதிதாக வருபவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள். தவிர, இந்த உருவத்தில் கட்டையின் நீளம் கொஞ்சம் கூடினாலே முனையில் நிற்பது குறைந்துவிடும். டி6, டி8, டி20 போன்றவற்றில் எல்லா முகமும் ஒரே மாதிரி இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. எனக்கு டி7ஐப் பார்க்கப் பிடிக்கும், நம்பப் பிடிக்கவில்லை. கிணற்றுக்கு இப்போதும் டி8தான்.

அந்தப் பொதியில் உண்மையாகப் பயன்பட்டது பகடைச் சங்கிலி என்ற யோசனை. 2012இல் வந்த அந்த விளையாட்டில் பகடைகள் 3, 4, 5, 6, 7, 8, 10, 12, 14, 16, 20, 24, 30 என்று வரிசையாக நிற்கும். நிலைமை சாதகமானால் ஒரு படி மேலே, பாதகமானால் ஒரு படி கீழே. 15 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும் என்றால் டி20இல் வாய்ப்பு 30 சதவீதம், டி24இல் கிட்டத்தட்ட 42, டி16இல் 12.5. கூட்டல் கழித்தல் இல்லாமல் வேறு கட்டையைக் கையில் கொடுத்தாலே ஆளுக்கு விளங்கிவிடுகிறது. டி16ஐ எடுத்துக் கொடுத்தபோது ஒருத்தி, "அண்ணா, இதிலே 17 வரவே வராதே!" என்றாள். ஓம், வராது. வழுக்குப் பாறையில் நின்று அம்பு விட்டால் அப்படித்தான்.

இனித் தாயக்கட்டை. அம்மம்மாவின் பித்தளைச் சோடி. ஒவ்வொன்றிலும் நீளப் பக்கம் நான்கு: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாத வெறும் பக்கம். இரண்டையும் உருட்டிக் கூட்ட வேண்டும், இரண்டும் வெறுமை என்றால் 12. மொத்தச் சேர்க்கை 16. அதில் 3 விழ நான்கு வழி, 2க்கும் 4க்கும் மூன்று மூன்று, 1க்கும் 5க்கும் இரண்டு இரண்டு, 6க்கும் 12க்கும் ஒவ்வொன்று. ஏழு முதல் பதினொன்று வரை எதுவுமே இல்லை, நடுவில் பெரிய ஓட்டை. சராசரி 3.75. டி6இன் 3.5ஐ விடக் கொஞ்சம் கூட.

அப்படியே விட்டால் சாதாரணப் பகடை மாதிரித்தான். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு ஆட்டம் என்ற எங்கள் வீட்டு வழக்கத்தைச் சேர்த்ததும் கதை மாறியது. மறு ஆட்டம் கிடைக்க 16இல் 6 வாய்ப்பு. கூட்டிக்கொண்டே போனால் சராசரி சரியாக 6 ஆகிறது. டி12இன் சராசரி 6.5 என்பதால், பெரிய கோடரி வெட்டின் சேதத்தைக் கணிக்க டி12க்குப் பதிலாகத் தாயக்கட்டையைக் கொடுத்தேன். சராசரி கிட்டத்தட்ட சமம், குணம் வேறு. பாதிக்கு மேல், அதாவது 16இல் 10 தடவை, வெறும் 2, 3, 4 என்று முடிந்துவிடும். மிச்சத்தில் எகிறும். ஒருமுறை 12, 5, 1, 6, 3 என்று விழுந்து மொத்தம் 27. நான் கிழமைக்கணக்காக யோசித்து வைத்திருந்த பூதம் ஒரே வெட்டில் போனது.

வேறு பகடையில் ஒன்று விழுந்தால் முகம் தொங்கும். இங்கே ஒன்று விழுந்தால் அது தாயம், உடனே மறு ஆட்டம். ஆகக் குறைந்த மொத்தமே 2தான். ஒன்றைக் கண்டு கூச்சல் போடும் குழுவை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா குசினிக்குள் இருந்து "ஆருக்கடா தாயம்?" என்று கேட்கும் அளவுக்குச் சத்தம். மேசையும் போய்விட்டது, ஏனென்றால் பித்தளை விழுந்தால் பலகையில் பள்ளம். இப்போது எல்லோரும் பாயில் இருந்துதான் ஆடுகிறோம்.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியை மந்திரவாதிக்கு வைத்துப் பார்த்தேன்: தாயம் விழும்வரை பெரிய மந்திரம் தொடங்காது. எட்டில் ஒரு வாய்ப்பு என்பதால் எட்டுத் தடவை உருட்டியும் விழாமல் போக 34 சதவீதம். தாய விளையாட்டில் காத்திருப்பது ஒரு சுகம், சண்டையின் நடுவில் அது தண்டனை. எடுத்துவிட்டேன்.

சோகியும் (சோழி) எறிந்தோம். ஆறு சோகி, ஒன்றும் வாய் திறந்து விழாவிட்டால் 12. பாதிக்குப் பாதி என்று வைத்தால் அந்த 12க்கு 64இல் ஒரு வாய்ப்பு. ஆனால் சோகி பாதிக்குப் பாதி விழுவதில்லை, எங்களுடையவை சீமெந்துத் தரையில் ஒரு மாதிரி, பாயில் இன்னொரு மாதிரி. சேதத்துக்குச் சரிவராது. குறி கேட்கும் காட்சிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

பாத்திரத் தாளில் வந்த சிக்கல் வேறு. இணையத்தில் இந்த விளையாட்டை ஆட உதவும் ரோல்20, ஃபவுண்ட்ரி போன்றவற்றில் டி7 என்று எழுதினால் உருட்டித் தரும், எத்தனை பக்கம் என்றாலும் கவலையில்லை. ஆனால் அந்த எழுத்துமுறைப்படி பகடை என்றால் 1 முதல் ஏதோ ஓர் எண் வரை. தாயக்கட்டையின் ஓட்டையை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் என் தாளில் பகடைக்கு உருவமே கொடுக்கவில்லை, விடைகளின் வரிசை மட்டும்: 12, 1, 1, 2, 2, 2, 3, 3, 3, 3, 4, 4, 4, 5, 5, 6. இந்தப் பதினாறில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் தாயக்கட்டை. 1 முதல் 7 வரை எழுதினால் டி7. புதுப் பகடை வந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஷீட்ஸில் ஒரு தொல்லை உண்டு. எழுமாற்று எண் தரும் சூத்திரம் தாளில் எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் புதிதாகக் கணிக்கும். ஒருவர் போனில் உயிர்ப்புள்ளியைக் குறைத்தால் மற்றவர் வாசித்துக்கொண்டிருந்த எண் கண் முன்னாலேயே மாறும். எனவே சிறு ஸ்கிரிப்ட் எழுதி, விடையை வெறும் எண்ணாகப் பதிய வைத்தேன். படத்தில் ஸ்கிரிப்டைக் கட்டிச் செய்யும் பொத்தான் போன் செயலியில் வேலை செய்யாது. சரிக்குறிப் பெட்டியைத் தொட்டால் ஸ்கிரிப்ட் ஓடும்படி வைத்தால் போனிலும் சரி. மறு ஆட்டமும் அதற்குள்ளேயே, ஒவ்வொரு எறிதலும் தனித்தனியாகத் தெரியும்படி. மொத்தத்தை மட்டும் காட்டினால் யாரும் கூச்சல் போடுவதில்லை.

எப்படியோ, நேரில் வருபவர்கள் பித்தளையைத்தான் உருட்டுகிறார்கள். தாளின் சரிக்குறிப் பெட்டியைத் தொடுவது மட்டக்களப்பில் இருந்து வீடியோவில் சேரும் ஒருவர்தான். அடுத்தது, கோடரிக்காரருக்கு அடுத்த நிலையில் மூன்றாவது தாயக்கட்டை கொடுக்கலாமா என்று பார்க்கப் போகிறேன். சேர்க்கை 64 ஆகிவிடும், எவை மறு ஆட்டம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். டி30க்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.